பத்துகாஜாவில் பாட்டன் பெயரைத் தேடி: தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியத் தமிழர்களான நம்மில் பலருக்குக் குடும்ப வரலாறு தாத்தாவோடு நின்றுவிடுகிறது. தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று கேட்டால் 'சேலம் பக்கம்', 'திருச்சி ஜில்லா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றாயிற்று, லயங்களை (கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளை) இடித்தாயிற்று, ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தாயிற்று, இனிமேல் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது. எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

பேராக் மாநிலத்தில் உள்ள பத்துகாஜாவை வைத்து இதை எழுதுகிறேன். கெல்லி ஸ்மித் என்ற துரை கட்டிய கெல்லி கோட்டை மாளிகை அங்கே எல்லாரும் பார்க்கும்படி நிற்கிறது. அந்தத் தோட்டத்துத் தமிழர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். உங்கள் குடும்பம் சுங்கை சிப்புட்டாக இருந்தாலும் சரி, தெலுக் இந்தானாக இருந்தாலும் சரி, நிபோங் திபாலாக இருந்தாலும் சரி, தேடும் முறை இதேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாளிகைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தைக் கோயிலுக்கும் அங்கே இருக்கும் மனிதர்களுக்கும் கொடுங்கள். மாளிகையில் துரை பெயர் இருக்கும். நம் ஆட்கள் பெயர் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் இடுகாட்டிலும்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்

முதல் வேலை வீட்டில். பாட்டியின் இரும்புப் பெட்டி, சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறை, பெரியப்பா வீட்டு அலமாரி என்று எல்லாவற்றையும் பாருங்கள். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), பழைய ஐசி (அடையாள அட்டை), இறப்புச் சான்றிதழ், குடியுரிமைத் தாள், பழைய கடப்பிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எதையும் ஒதுக்காதீர்கள். கடித உறையின் பின்பக்கம் எழுதிய முகவரிதான் பல வீடுகளில் ஊர்ப் பெயர் இருக்கும் ஒரே இடம். பழைய சூராட்டுகள் பலவற்றில் பிறந்த இடம் என்று தோட்டத்தின் பெயரே இருக்கும். எதைத் தேடுவதானாலும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான் உங்களுக்குச் சாவி.

இந்த நாட்டில் அடையாள அட்டை 1948இல், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்தின்போதுதான் வந்தது. அதற்கு முன்பே காலமானவருக்கு ஐசி தேடிப் பயனில்லை. அவருடைய இறப்புப் பதிவையும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் தேடுங்கள்.

பெயர்களில் பொறுமை வேண்டும். முனியாண்டி என்ற ஒரே ஆளை ஆஸ்பத்திரிக் கிராணி (எழுத்தர்) ஒரு விதமாகவும், தோட்டத்துக் கிராணி ஒரு விதமாகவும், பதிவு அலுவலகத்தில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு தாளில் பெயரை எல்லா விதமாகவும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஒன்று மாறியிருக்கிறது என்பதற்காக 'இது நம்ம தாத்தா இல்லை' என்று ஒதுக்காதீர்கள். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காகச் சொந்தம் கொண்டாடிவிடவும் வேண்டாம். தோட்டம், அப்பா பெயர், ஏறத்தாழ வயது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

ஊர் விஷயத்தில் இன்னொன்று. தாத்தா காலத்து ஜில்லா இன்றைய மாவட்டம் இல்லை. 'வட ஆற்காடு' என்று இருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாவற்றிலும் தேட வேண்டும். 'தென் ஆற்காடு' என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. 'சேலம் ஜில்லா' என்றால் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். 'தஞ்சாவூர் ஜில்லா' என்றால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையும் சேரும். கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சியிலிருந்து பிரிந்தவை. நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமானது. தாத்தா 'சேலம்' என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, கிராமம் நாமக்கல்லில் அல்லவா இருக்கிறது என்று குழம்ப வேண்டாம்.

அப்புறம், குலதெய்வம் எது என்று கேட்டு வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஊர்ப் பெயரை மறந்திருப்பார்கள், சாமி பெயரை மறந்திருக்க மாட்டார்கள். வெறும் 'முனீஸ்வரன்', 'மதுரை வீரன்' என்றால் போதாது. எந்த ஏரிக்கரை, எந்த எல்லை, கூடவே எந்தத் தெய்வம், கிடா வெட்டா சைவப் படையலா என்று கேளுங்கள். அதையெல்லாம் வைத்துக் கிராமத்தைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

தேதிகளில் மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவுக்கு 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவரும் மேலாள்) வழியாகவும், பயணச் செலவுக்கு உதவி பெற்றும் வந்தவர்களே அதிகம். 1938இல் இந்திய அரசு அப்படி உதவியோடு கூலிக்கு ஆள் அனுப்புவதையும் தடை செய்தது. ஆகவே உங்கள் பாட்டன் கங்காணியோடு வந்தவர் என்றால் பெரும்பாலும் 1938க்கு முன்பே வந்திருப்பார். 'ரஜூலா கப்பலில் வந்தேன்' என்று யாராவது சொல்லியிருந்தால் அது 1926க்குப் பிறகு. அந்தக் கப்பல் கட்டப்பட்டதே அந்த வருடம்தான், 1973 வரை ஓடியது.

ஏன் தனியாக

கூட்டமாகப் போனால் அது சுற்றுலா ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் பசிக்கும், ஒருவருக்கு வெயில் தாங்காது, இன்னொருவர் படம் எடுத்து முடித்ததும் கிளம்பலாம் என்பார். ஒரு கல்வெட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பதற்குத் தனியாகத்தான் போக வேண்டும். தனியாக வந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பெரியவர்கள் தாங்களாகவே வந்து பேச்சுக் கொடுப்பார்கள். அதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

தனியாகப் போவதற்கென்று சில கட்டாயங்கள் உண்டு. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டுவதற்குள் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள். ஐசி, தண்ணீர், குடை, மூடிய சப்பாத்து, கைவிளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில் வேண்டும். மழையில் பேனா எழுத்துக் கரைந்துவிடும் என்பதால்தான் பென்சில். செம்பனைக் காட்டுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேருவது

கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் வருகிறவர்கள் பத்துகாஜாவிலேயே இறங்கலாம். உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஈப்போவில் இறங்கிக் காரில் அரை மணி நேரம் போல ஆகும். மாளிகை, கோப்பெங்குக்குப் போகும் சாலையில் இருக்கிறது. போவதற்குக் கிராப் வாடகைக் கார் எளிதாகக் கிடைக்கும், திரும்புவதற்குத்தான் காத்துக்கிடக்க வேண்டிவரும். வந்த ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தைப் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். தோட்டத்துக் கோயில்களில் மற்ற நாட்களில் பூசாரி மட்டும்தான் இருப்பார், சில இடங்களில் அவரும் காலையில் வந்து விளக்கு ஏற்றிவிட்டுப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குத்தான் பழைய ஆட்கள் வருவார்கள். பகலில் மாளிகை, மாலையில் கோயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாளிகையில் எதைப் பார்ப்பது

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 20 வயதில் மலாயா வந்து, நில அளவை, சாலை வேலை என்று ஆரம்பித்து, கிந்தா வட்டாரத்தில் காடு திருத்தி ரப்பர் போட்டுப் பணக்காரர் ஆனார். முதலில் கெல்லாஸ் ஹவுஸ் என்ற பங்களாவைக் கட்டினார். மகன் பிறந்த பிறகு, 1915இல் அதை ஒட்டி இந்தக் கோட்டையைத் தொடங்கினார். 1918ஐ ஒட்டி உலகத்தையே உலுக்கிய ஸ்பானிய சளிக்காய்ச்சல் இங்கேயும் வந்து, வேலை செய்த தமிழர்கள் பலரைக் கொண்டுபோனது. 1926இல் கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். வீடு முடியவே இல்லை. அவர் மனைவி தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

உள்ளே போனால் பலகைகள் துரையின் கதையைச் சொல்லும், பேய்க் கதையும் காதில் விழும். பேய்க் கதையை விட்டுவிடுங்கள். சாந்து உதிர்ந்து செங்கல் தெரியும் சுவராகப் பார்த்துப் பக்கத்தில் நில்லுங்கள். இந்த வீட்டுக்குச் செங்கலும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்ததாகவும், வேலைக்கு மதராஸ் பக்கத்து ஆட்கள் வந்ததாகவும் சொல்கிறார்கள். வளைவுகளின் உள்பக்கம் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு கல்லும் எப்படிச் சாய்ந்து சாய்ந்து போய் நடுவில் முட்டுகிறது என்று கவனித்தால், அதை வைத்த கொத்தனாரின் கைப்பழக்கம் தெரியும். மின்தூக்கிக்காக விட்ட குழி கோபுரத்தில் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் மலாயாவில் வேறு எந்த வீட்டிலும் இல்லாத ஒன்றுக்காக, அத்தனை மாடிக்கும் சுவர் எழுப்பிய கூலிகள் இரவில் படுக்கப் போனது பலகைச் சுவர் லயத்துக்கு. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மொட்டை மாடியில் ஏறினால் சுற்றுவட்டாரம் தெரியும். கோயில் எந்தத் திசை, ஆறு எந்தத் திசை என்று பார்த்து நோட்டில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். பழைய தோட்டங்களில் பங்களா மேட்டில் இருக்கும், லயம் தாழ்வில் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த அமைப்பு ஒரு தடவை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், வேறு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயம் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

கோயிலில்

மாளிகையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டரில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். நோய் வந்து ஆட்கள் விழுந்தபோது, அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, துரை இடமும் பொருளும் கொடுத்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. கோயில் மேலே சாமி சிலைகளோடு வெள்ளைக்கார உடையும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கிறது, அவர்தான் கெல்லி ஸ்மித் என்பார்கள். எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் உள்ளே போங்கள்.

எந்தத் தோட்டத்துக் கோயிலுக்குப் போனாலும் முதலில் சாமி கும்பிடுங்கள், அர்ச்சனைக்குக் கொடுங்கள், பிறகு பூசாரியிடம் வந்த விஷயத்தைச் சொல்லுங்கள். சுவரில் பதித்த கல், உபயக்காரர் பட்டியல், மணி, சூலம், வேல், குத்துவிளக்கு, பழைய கும்பாபிஷேகப் பத்திரிகை, சட்டம் போட்டு மாட்டிய படங்கள் எல்லாவற்றிலும் பெயர் இருக்கும். சாமான் அறையில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களைக் காட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். பேராக்கில் ஒரு கோயிலில் எனக்கு ஒரு தவலையைக் காட்டினார்கள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. ஒருவர் பெயர், அவருடைய ஊர், 'கங்காணி உபயம்'. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஊர்ப் பெயரில் பாதி மழுங்கிப்போயிருந்தது. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்ததும் ஒவ்வொரு புள்ளியும் நிழல் விழுந்து எழுந்து வந்தது. 'பட்டி' என்று முடியும் அந்த ஊரைப் படித்ததும், பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் "அது எங்க ஆத்தா ஊராச்சே" என்றார்.

சில பொருள்களில் ஆங்கில வருடம் இருக்காது, தமிழ் வருடப் பெயர் இருக்கும். 'பிரபவ' என்று இருந்தால் அது 1927 சித்திரையில் தொடங்கிய வருடம். 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், அதனால் 1987இல் தொடங்கியதும் பிரபவதான். பொருளின் பழமையைப் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள்.

கருவறையைப் படம் எடுக்காதீர்கள். மற்ற இடங்களையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பெரியவர்களிடம் பேச்சு

தோட்டத்துப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தோட்டத்து ஆளு? யார் வீட்டுப் பிள்ளை?" இதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். வேலை, படிப்பு எல்லாம் அப்புறம். 'வணக்கம் ஐயா, நான் இன்ன தோட்டத்தில் பால் வெட்டின இன்னாருடைய பேத்தி, தாத்தாவைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு பார்க்க வந்தேன்' என்று சொன்னால் போதும். பட்டப்பெயர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். சூராட்டில் உள்ள பெயரைவிட, 'நெட்டை', 'கொட்டகைக்காரர்', 'ஆயாக் கொட்டகை அம்மா' என்பதுதான் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

'எங்கள் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. சின்னதாகக் கேளுங்கள். பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எங்கே இருந்தது? எந்த நிரையில் (ரப்பர் மர வரிசையில்) வெட்டினார்கள்? தண்டல் (வேலையை மேற்பார்க்கிறவர்) யார்? மங்கு (ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணம்) கழுவும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்களா? தீமிதிக்கு எந்த ஆற்றில் கரகம் எடுத்தார்கள்? இதில் ஒன்றுக்குப் பதில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கைப்பேசியில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில பேருக்கு அது முன்னால் இருந்தாலே பேச்சு வராது, அவர்கள் சொன்னதை வெளியே வந்ததும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் காலத்துக்கு வரும்போது மெதுவாகப் போங்கள். 1942, 1943இல் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், திரும்பி வராதவர்கள் ஏராளம். குடும்பக் கதையில் திடீரென்று ஒரு பெரியப்பாவோ சித்தப்பாவோ காணாமல் போனால், அது அந்த வருடங்களாக இருக்கலாம். "அவரு சயாமுக்குப் போனாரு" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டி பேசாமல் இருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வேறு எங்கேயும் எழுதப்படாமலே இருந்திருக்கும்.

லயங்கள், பாழடைந்த பங்களாக்கள்

இன்னும் நிற்கும் லயம் ஏதாவது இருந்தால் அது யாருக்கோ சொந்தமான நிலத்தில்தான் நிற்கும். தோட்ட அலுவலகத்தில் அல்லது வாயிலில் இருக்கும் காவலரிடம் அனுமதி வாங்காமல் நுழையாதீர்கள். நிபோங் திபாலில் காலிடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகை போன்ற பாழடைந்த வீடுகளைப் பற்றி இணையத்தில் நிறையப் படம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் தனியாக உள்ளே ஏறிவிட வேண்டாம். மாடிப் பலகை உளுத்திருக்கும், ஓட்டைக் கிணறு புல்லுக்குள் மறைந்திருக்கும், பாம்பும் இருக்கும். வெளியே நின்று பார்த்தாலே போதும். லயத்து வீட்டின் முன் திண்ணை அகலத்தைக் காலடியால் அளந்து பாருங்கள், ஒரு குடும்பம் முழுக்க அந்த அளவுக்குள் வாழ்ந்தது புரியும். லயம் போய்விட்ட இடத்தில் மரங்களைப் பாருங்கள். செம்பனைக்கு நடுவே வரிசையில்லாமல் ஒரு முருங்கை, ஒரு வேம்பு, ஒரு கறிவேப்பிலை நின்றால் அங்கே ஒரு வீட்டின் பின்கட்டு இருந்திருக்கிறது.

தோட்டத்து இடுகாடு பெரும்பாலும் எல்லையோரத்தில் இருக்கும். பகலில், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். இது ஒன்றுக்கு மட்டும் தனியாகப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்லில் உள்ளதை அப்படியே, பிழையோடு, எழுதிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பூசி எழுத்தைத் தெளிவாக்கப் பார்க்காதீர்கள். பத்துகாஜாவிலேயே 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்ற கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டத் துரைமார் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அவசரகாலம் தொடங்கக் காரணமான சம்பவம் அது. அந்தக் கல்லறைகள் எவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன என்று பார்த்துவிட்டு, நம் இடுகாடுகளைப் பார்க்கும்போது மனது கனக்கத்தான் செய்யும்.

தாள்களைத் தேடிப் போவது

தோட்டத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி முளைத்தவைதான் நம் தமிழ்ப்பள்ளிகளில் பல. பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தால் அப்பா பெயரும் அதில் இருக்கும். தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி நேரம் வாங்கிக்கொண்டு போங்கள், பள்ளி நேரத்தில் திடுமென்று போய் நிற்காதீர்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவின் நகலுக்குத் தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பிக்கலாம். உறவை நிரூபிக்கும் சூராட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுபட்டியல் இணையத்திலும் இருக்கிறது. அதில் தாத்தா பெயரைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது, தோட்டத்தின் பெயரைப் போடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பை வீட்டிலிருந்தே தேடலாம், தமிழ் முரசும் அதில் உண்டு. பிஜிக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு, ஊர்ப் பெயரோடு இருக்கிறது. மலாயாவுக்குக் கங்காணியோடு வந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை எதிர்பார்த்து இறங்காதீர்கள். அதனால்தான் நமக்குக் கோயில் தவலையும் பாட்டியின் பேச்சும் இவ்வளவு முக்கியமாகின்றன.

ஊருக்குப் போவதானால்

கிராமம் எது என்று ஓரளவு உறுதியான பிறகே தமிழ்நாட்டுக்குச் சீட்டு எடுங்கள். குலதெய்வக் கோயில் திருவிழா நாளாகப் பார்த்துப் போவது நல்லது. மதுரைப் பக்கம் பல குடும்பங்கள் மகா சிவராத்திரிக்குக் கூடுவார்கள், திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயில்களில் பங்குனி உத்திரத்துக்குக் கூடுவார்கள். உங்கள் ஊரில் எது வழக்கம் என்று முதலில் பூசாரி வழியாக விசாரியுங்கள். வேறு நாளில் போனால் பூட்டிய கோயிலைத்தான் பார்ப்பீர்கள். அந்த நாளில் போனால் வெளியூரில் பிழைக்கிற பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே மரத்தடியில் இருப்பார்கள். பாட்டன் பெயர், அவருடைய அண்ணன் தம்பி பெயர், அவர் ஊரை விட்டுப் போன வருடம், மலாயாவில் இருந்த தோட்டம் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பல நகல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். கீழே உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். அன்றைக்கு ஞாபகம் வராதவர்கள் பிறகு வீட்டில் கேட்டுவிட்டு அழைப்பார்கள்.